முடி சூடாத இளவரசர்: மொரிஷியஸுக்குப் பெயர் தந்த மௌரிட்ஸ்

"மொரிஷியஸ் தீவுக்கு ஒரு டச்சு இளவரசரின் பெயரைத்தான் வைத்தார்களாம். யார் அவர்? அந்த நாட்டு ராஜாவா? எப்படி ஆண்டார்?" என்பது கேள்வி.

ராஜா இல்லை. 'ஆண்டார்' என்ற சொல்லே அவருக்குப் பாதிதான் பொருந்தும். நசாவ் குடும்பத்து மௌரிட்ஸ் சம்பளத்துக்கு வேலை பார்த்த இளவரசர். எந்தக் கோட்டையை எப்போது முற்றுகையிடலாம், அதற்கு எத்தனை பீரங்கி, எவ்வளவு பணம் என்பதையெல்லாம் ஹேக் நகரில் கூடிய சபைகள் தீர்மானித்தன. அந்தச் சபைகளில் பெரும்பாலும் நகரத்துச் செல்வந்தர்களும் வணிகக் குடும்பத்தாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் மௌரிட்ஸை விட 20 வயது மூத்த வழக்கறிஞர், யோஹான் வான் ஓல்டன்பார்னவெல்ட். பையனைக் கைப்பிடித்து மேலே ஏற்றியவர் அவர்தான். 33 ஆண்டுகள் கழித்து அதே பையன் அவரைக் கைது செய்து, மறு ஆண்டு தலையை வெட்டவிட்டார். மௌரிட்ஸின் வாழ்க்கையை இந்த இரண்டு பேரின் கதையாகப் பார்த்தால்தான் விளங்கும் என்பது என் கட்சி.

முதலில் அந்தப் பதவியின் விநோதத்தைச் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்து அப்போது ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் சொத்து. மாகாணத்துக்கு ஒருவராக மன்னர் தன் பதிலாளை வைத்திருந்தார். அவருக்கு 'ஸ்டாட்ஹவுடர்' என்று பெயர். மன்னரின் இடத்தில் இருப்பவர் என்று பொருள். வரியிலும் மதத்திலும் மன்னரோடு முட்டிக்கொண்டு 1568-இல் கிளர்ச்சி வெடித்தது. 1581-இல் வடக்கு மாகாணங்கள் ஒரு பிரகடனம் போட்டு, குடிகளைக் கொடுமைப்படுத்துபவர் மன்னரே அல்ல என்று பிலிப்பை விலக்கிவைத்தன. ஆனால் ஸ்டாட்ஹவுடர் பதவி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மன்னரை நீக்கியவர்கள் மன்னரின் பதிலாளை நீக்க மறந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். யாருக்குப் பதில் ஆள் என்று கேட்டால் விடை கிடையாது. நடைமுறையில் அந்தந்த மாகாணச் சபை நியமிக்கும் மேலதிகாரி, போர்க்காலத்தில் தளபதி. அவ்வளவே.

மௌரிட்ஸ் பிறந்தது 1567 நவம்பர் 14-ஆம் தேதி, ஜெர்மனியில், நசாவ் குடும்பத்தின் டில்லன்பர்க் கோட்டையில். அப்பா வில்லியம், கிளர்ச்சியின் தலைவர், ஆரஞ்ச் இளவரசர். (பழத்துக்கும் இந்தப் பட்டத்துக்கும் சம்பந்தமில்லை, ஆரஞ்ச் என்பது பிரான்சின் தெற்கே ஒரு சிறு ஊர். கால்பந்து மைதானத்தில் டச்சுக்காரர்கள் காவி போல உடுத்துவது அதற்குப் பிறகு வந்த வழக்கம்.) அம்மா அன்னா, சாக்சனி மன்னர் குடும்பத்துப் பெண். அவளுடைய தந்தையின் பெயர்தான் பேரனுக்கு வந்தது. அந்தத் தாம்பத்தியம் ஒரு துயரக் கதை. அன்னாவுக்கும் அவளுடைய சட்ட ஆலோசகர் யான் ரூபன்ஸுக்கும் உறவு ஏற்பட்டு அம்பலமானது; அந்த ரூபன்ஸுக்குத்தான் பிறகு ஓவியர் பீட்டர் பால் ரூபன்ஸ் பிறந்தார். வில்லியம் மனைவியைத் தள்ளிவைத்தார். அன்னா அடைபட்டுக் கிடந்து 1577-இல் டிரெஸ்டனில் இறந்தாள். அப்போதுதான் மௌரிட்ஸுக்கு 10 வயது நிறைந்திருந்தது. பெரியவரான பிறகு அவர் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இதற்கும் அதற்கும் முடிச்சுப் போடுவது எளிது, நான் போடவில்லை.

அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார், வேறு தாயின் மகன் ஃபிலிப்ஸ் வில்லம். 1568-இல் லூவன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 13 வயதுப் பையனை ஸ்பெயின் தளபதி ஆல்பா பிடித்து ஸ்பெயினுக்கு அனுப்பிவிட்டார். அவர் கத்தோலிக்கராகவே வளர்ந்தார், அப்பாவை மறுபடி பார்க்கவே இல்லை. ஆனால் மூத்தவர் அவர் என்பதால் 'ஆரஞ்ச் இளவரசர்' பட்டம் 1618 வரை அவரிடமே இருந்தது. ஆக, ஊர் உலகம் இளவரசர் என்று கூப்பிட்ட மௌரிட்ஸ், தன் 50-ஆவது வயதில்தான் சட்டப்படி அந்தப் பட்டத்துக்கு உரியவரானார்.

1584 ஜூலை 10. டெல்ஃப்ட் நகரில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் வந்த வில்லியமை பால்தாசர் ஜெரார் என்பவன் சுட்டுக் கொன்றான். வில்லியம் தலைக்கு ஸ்பெயின் மன்னர் ஏற்கெனவே விலை வைத்திருந்தார். மௌரிட்ஸுக்கு 16 வயது, லைடன் பல்கலைக்கழக மாணவர். வீட்டில் கடன் தலைக்கு மேல். மறு ஆண்டு ஆகஸ்டில் தெற்கின் பெரிய துறைமுகம் ஆன்ட்வெர்ப் ஸ்பெயின் படையிடம் விழுந்தது. புரட்சி முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்திருப்பார்கள். பையன் தனக்கு ஒரு சின்னம் தேர்ந்துகொண்டான்: வெட்டப்பட்ட மரத்தின் அடியிலிருந்து ஒரு துளிர். அதன் மேல் லத்தீனில் ஒரு வாசகம், துளிர் ஒருநாள் மரமாகும் என்று.

துளிருக்குத் தண்ணீர் ஊற்றியவர் ஓல்டன்பார்னவெல்ட். உதவிக்கு வருகிறேன் என்று இங்கிலாந்தின் எலிசபெத் ராணி லெஸ்டர் பிரபுவைப் படையோடு அனுப்பினார். வருகிறவர் தலைக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிடக் கூடாதே என்ற கவலை ஹாலந்துக்காரர்களுக்கு. லெஸ்டர் கரையிறங்குவதற்குச் சில வாரங்கள் முன், 1585 நவம்பரில், ஹாலந்து, ஸேலந்து என்ற இரண்டு மாகாணங்களுக்கும் மௌரிட்ஸை அவசர அவசரமாக ஸ்டாட்ஹவுடர் ஆக்கினார்கள். 18 வயது. பெயர் அவருக்கு, பிடி சபைக்கு. லெஸ்டர் எல்லோரோடும் சண்டை போட்டுவிட்டு 1587 கடைசியில் ஊர் திரும்பினார். ஓல்டன்பார்னவெல்ட் 1586-லேயே ஹாலந்து மாகாணத்தின் தலைமை வழக்கறிஞர் ஆகியிருந்தார். பணம் திரட்டுவது, வெளிநாட்டுத் தூதர்களைப் பேசிச் சரிக்கட்டுவது, ஏழு மாகாணங்களையும் ஒரு வண்டியில் பூட்டுவது அவர் வேலை. போர் மௌரிட்ஸின் வேலை. 10 ஆண்டுகளுக்கு மேல் இந்த ஏற்பாடு அபாரமாக ஓடியது.

போரை மௌரிட்ஸ் எப்படி நடத்தினார் என்பதுதான் அவர் பெயர் ராணுவப் பாடப் புத்தகங்களில் நிற்கக் காரணம். வாள் சுழற்றிக் குதிரையில் பாயும் வீரர் என்று கற்பனை செய்தால் ஏமாந்துபோவீர்கள். இவர் கணக்குப் பிள்ளை ரகம். லைடன் நாட்களிலிருந்தே அவருக்கு வாய்த்த ஆசிரியர், நண்பர் சைமன் ஸ்டெவின். தசம பின்னத்தை ஐரோப்பாவில் பரப்பியவர், நீரழுத்தம் பற்றி எழுதியவர், கணிதத்துக்கு டச்சு மொழியில் சொந்தச் சொல் உருவாக்கியவர். இளவரசருக்கு வடிவியல், கோட்டை அமைப்பு, கணக்கு வைப்பு எல்லாம் இவர்தான் சொல்லிக்கொடுத்தார். இளவரசரின் சொந்த நிலபுலன்களின் வரவுசெலவை இத்தாலிய வணிகர்கள் பாணியில் இரட்டைப் பதிவுக்கு மாற்றியதும் ஸ்டெவின்தான். 1600-இல் லைடனில் பொறியாளர்களுக்கு ஒரு பள்ளி தொடங்கினார்கள். பாடம் லத்தீனில் இல்லை, டச்சு மொழியில். கொத்தனாருக்கும் தச்சருக்கும் நில அளவைக்காரருக்கும் புரிய வேண்டும் அல்லவா?

படையில் செய்த மாற்றங்களில் முதலாவதாக நான் வைப்பது சம்பளத்தை. அந்தக் கால ஐரோப்பாவில் கூலிப்படைக்குச் சம்பளம் மாதக் கணக்கில், சிலசமயம் வருடக் கணக்கில் பாக்கி நிற்கும். பாக்கி நின்றால் சிப்பாய் கிளர்ச்சி செய்வான், அல்லது காவல் காக்க வந்த ஊரையே கொள்ளையடிப்பான். 1576-இல் ஆன்ட்வெர்பை ஸ்பெயின் சிப்பாய்கள் சூறையாடியது அப்படித்தான். ஹாலந்து வணிகர்களின் பணத்தில் டச்சுப் படைக்கு மட்டும் சம்பளம் ஓரளவு ஒழுங்காக வந்தது. வாங்கும் காசுக்கு வேலை கேட்க முடிந்தது. எனவே தினமும் பயிற்சி. மௌரிட்ஸின் ஒன்றுவிட்ட சகோதரர் வில்லம் லோடவைக், ஃபிரீஸ்லாந்தின் ஸ்டாட்ஹவுடர், பழைய கிரேக்க, ரோமப் போர் நூல்களைப் படித்துக்கொண்டே இருப்பவர். 1594 டிசம்பரில் மௌரிட்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். முதல் வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போகட்டும். அவர்கள் மருந்து கெட்டித்து முடிப்பதற்குள் அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை என்று சுட்டுக்கொண்டே இருக்கலாம் என்று படம் போட்டு விளக்கினார். காகிதத்தில் சுலபம். திரி வைத்துச் சுடும் துப்பாக்கியைப் புகையிலும் பீதியிலும் நூறு பேர் ஒரே தாளத்தில் கெட்டிக்க வேண்டுமே! அதற்காக ஒவ்வோர் அசைவையும் தனித்தனியாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணை வைத்தார்கள். யாக்கப் டெ கெய்ன் என்ற ஓவியர் அந்த அசைவுகளை வரைந்து 1607-இல் நூலாக வெளியிட்டார்; துப்பாக்கிக்கும் ஈட்டிக்கும் சேர்த்து 117 படங்கள். பிற நாட்டுப் படைகள் அதைப் பார்த்துப் பார்த்துக் கற்றன. ஸ்வீடன் மன்னர் குஸ்டாவஸ் அடால்ஃபஸ் பிறகு இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார்.

இரண்டாவது மண்வெட்டி. மண் வெட்டுவது குடியானவன் வேலை, சிப்பாய்க்கு இழுக்கு என்ற இளக்காரம் இருந்தது. மௌரிட்ஸ் கூடுதல் கூலி கொடுத்துச் சிப்பாய்களையே வெட்டவைத்தார். முற்றுகை என்றால் பதுங்குகுழியை வளைத்து வளைத்து வெட்டிக் கோட்டைச் சுவரை நெருங்குவது. பீரங்கியைக் கணக்குப் பார்த்து ஒரே இடத்தில் குவிப்பது. முகாமுக்கு வெளியே உதவிப்படை நுழையாதபடி இன்னொரு மண்சுவர் எழுப்புவது. கனமான பீரங்கிகளைச் சேற்றுப் பாதையில் இழுக்காமல் ஆற்றில் படகேற்றிக் கொண்டுபோனார். வரைபடத்தை விரித்துப் பாருங்கள்: ரைன், மாஸ், ஐசல் என்று அந்த நாடு முழுக்க நீர்வழி. தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் அவர் எதிர்பார்த்ததை விட ஒரு வாரம் முன்னால் வந்து நிற்பார்.

ஆனால் முதல் பெரிய வெற்றி கணிதத்தால் வரவில்லை, ஒரு கரிப்படகால் வந்தது. பிரெடா நகரம் அவர்கள் குடும்பத்துச் சொத்து, ஸ்பெயின் வசம் இருந்தது. அங்கே கோட்டைக்குள் அடுப்பெரிக்கக் கரிமண் கட்டிகள் படகில் போகும். படகுக்காரர் அட்ரியான் வான் பெர்கன் ஒரு யோசனை சொன்னார். 1590 மார்ச் தொடக்கத்தில், மேலே கரிக்கட்டி அடுக்கிய படகின் வயிற்றுக்குள் சுமார் 70 வீரர்கள் படுத்துக்கொண்டார்கள். எதிர்க்காற்று, பனிக்கட்டி, பயணம் நாள் கணக்கில் இழுத்தது. படகில் ஓட்டை விழுந்து தண்ணீர் முழங்கால்வரை ஏறியது, குளிரில் இருமல் பிடித்துக்கொண்டது. ஒரு வீரன், இருமி எல்லோரையும் காட்டிக்கொடுத்துவிடுவேன், என்னைக் குத்திக் கொன்றுவிடுங்கள் என்று கத்தியை நீட்டியதாக ஒரு கதை உண்டு; சத்தம் கேட்காமலிருக்க அட்ரியான் தண்ணீர் இறைக்கும் பம்பை விடாமல் அடித்தாராம். கோட்டைக் காவலர்களே படகை உள்ளே இழுக்க உதவினார்கள் என்பதுதான் உச்சம். மார்ச் 4 விடிவதற்குள் கோட்டை கைமாறிவிட்டது. வெளியே காத்திருந்த மௌரிட்ஸ் படையோடு உள்ளே வந்தார். பிரெடாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

அதன் பிறகு நடந்தது ஒரு வரிசை. 1591-இல் மட்டும்: மே கடைசியில் சுட்ஃபன், ஜூனில் டெவன்டர், செப்டம்பரில் நாட்டின் மறுகோடியில் ஹுல்ஸ்ட், அக்டோபரில் நைமேகன். சுட்ஃபனில் ஆற்றின் அக்கரைக் காவல்கோட்டையைப் பிடிக்க, சிப்பாய்களைக் குடியானவர்கள் போலவும் சந்தைக்குப் போகும் பெண்கள் போலவும் வேடம் கட்டி அனுப்பினார்கள். 1592-இல் ஸ்டேன்வைக், கூவோர்டன். 1593-இல் கேர்ட்ராய்டன்பர்க். 1594-இல் குரோனிங்கன். 1597-இல் கிழக்கு எல்லை முழுக்க. இன்றைய நெதர்லாந்தின் எல்லைக்கோட்டில் பெரும்பகுதி இந்த 7 ஆண்டுகளில் விழுந்தது. இதில் அதிர்ஷ்டமும் உண்டு. பிலிப் மன்னர் தன் சிறந்த தளபதி பார்மாவைப் பிரான்சு உள்நாட்டுப் போருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். பார்மா 1592 டிசம்பரில் இறந்தும் போனார். எதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தை மௌரிட்ஸ் வீணாக்கவில்லை.

விரிசல் விழுந்த நாள் 1600 ஜூலை 2. டன்கெர்க்கிலிருந்து புறப்படும் கடற்கொள்ளைக் கப்பல்கள் டச்சு வணிகத்தையும் மீன்பிடிப்பையும் நாசம் செய்துகொண்டிருந்தன. கரையோரமாகப் படையெடுத்துப் போய் அந்தத் துறைமுகத்தை ஒழித்துக்கட்டு என்று சபை உத்தரவிட்டது, பின்னால் ஓல்டன்பார்னவெல்ட். மௌரிட்ஸுக்கும் வில்லம் லோடவைக்குக்கும் துளியும் விருப்பமில்லை. எதிரி நிலத்துக்குள், கடலை முதுகில் வைத்துக்கொண்டு, இருக்கிற ஒரே படையைப் பணயம் வைப்பதா? ஆனால் சம்பளம் தருபவர் சொன்னால் போகத்தான் வேண்டும். போனார். நியூபோர்ட் கடற்கரையில், ஸ்பெயின் தரப்பில் தெற்கை ஆண்ட ஆஸ்திரியக் கோமகன் ஆல்பர்ட்டின் படை எதிர்பாராத வேகத்தில் பின்னால் வந்து நின்றது. மௌரிட்ஸ் தன் கப்பல்களைக் கரையிலிருந்து விலகிப் போகச் சொன்னார். இனி ஜெயிக்க வேண்டும் அல்லது கடலில் விழ வேண்டும். அலை ஏற ஏறக் கடற்கரை குறுகி, சண்டை மணல்மேடுகளுக்குள் நகர்ந்தது. சாயங்காலம் கடைசி நேரக் குதிரைப்படைத் தாக்குதலில் ஸ்பெயின் வரிசை உடைந்தது. எதிரித் தளபதி மென்டோசாவே சிறைப்பட்டார். திறந்த வெளியில் ஸ்பெயினின் காலாட்படையைத் தோற்கடித்தது பெரிய செய்தி. ஆனால் டன்கெர்க் கிடைக்கவில்லை, நியூபோர்ட்டும் கிடைக்கவில்லை, படை கப்பலேறித் திரும்பிவிட்டது. கப்பல்களை அதன் பிறகும் கொள்ளையடித்தார்கள். ஜெயித்தவர் வெறுங்கையோடு வந்து, என்னைச் சாகக் கொடுக்கப் பார்த்தார்கள் என்று மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார் என்றே நினைக்கிறேன். அதன் பிறகு இருவருக்குள் பழைய நெருக்கம் திரும்பவில்லை.

இடையில் கொஞ்சம் இளைப்பாறலாம். சுமார் 1602-இல் ஸ்டெவின் அவருக்கு ஒரு பாய்மர வண்டி செய்து கொடுத்தார்: நான்கு சக்கரம், இரண்டு பாய், கடற்கரை ஈரமணலில் காற்று பிடித்து ஓடும். 28 பேரை ஏற்றிக்கொண்டு ஸ்கேவனிங்கனிலிருந்து பெட்டன் வரை இரண்டு மணி நேரத்தில் போய்விட்டது, குதிரைகள் பின்தங்கிவிட்டன. ஏறியவர்களில் சட்டமேதை ஹியூகோ குரோஷியஸும் இருந்தார், நியூபோர்ட்டில் பிடிபட்ட மென்டோசாவும் இருந்தார். போர்க் கைதியைக் காற்று வாங்கக் கூட்டிப்போன இளவரசர்! குதிரைகள் மீதும் அவருக்குப் பைத்தியம், சதுரங்கம் ஆடுவார். 1608 செப்டம்பர் கடைசியில் மிடல்பர்க்கிலிருந்து லிப்பர்ஹே என்ற மூக்குக்கண்ணாடிக்காரர் ஒரு குழாயோடு ஹேக் வந்தார். கோபுரத்தில் ஏறி அதன் வழியே பார்த்தால் டெல்ஃப்ட் நகரத்துக் கடிகாரமும் லைடன் தேவாலய ஜன்னல்களும் தெரிந்தன. தொலைநோக்கி உலகத்துக்கு அறிமுகமானது அப்படித்தான். சமாதானப் பேச்சுக்கு வந்திருந்த எதிரித் தளபதி ஸ்பினோலாவும் அதைப் பார்த்துவிட்டு, இனி எனக்குப் பாதுகாப்பில்லை, தூரத்திலேயே என்னைக் கண்டுவிடுவீர்கள் என்று மௌரிட்ஸின் தம்பியிடம் வேடிக்கையாகச் சொன்னாராம். அதே மாதம் சயாம் மன்னரின் தூதர்களும் ஹேக்கில் இருந்தார்கள்.

சயாம் தூதர்கள் எப்படி வந்தார்கள் என்றால், அங்கேதான் நீங்கள் கேட்ட தீவும் வருகிறது. ஆசியாவுக்கு மிளகு வாங்கப் போன டச்சுக் கப்பல்கள் 1598 செப்டம்பரில் மனிதர் வாழாத ஒரு தீவில் ஒதுங்கி, அதற்குத் தங்கள் ஸ்டாட்ஹவுடரின் பெயரை லத்தீன் வடிவில் மொரிஷியஸ் என்று வைத்தன. அவர் அங்கே போனதே இல்லை. டோடோ பறவையைப் பார்த்து எழுதிவைத்தவர்கள் அந்த மாலுமிகள். ஒரு நூற்றாண்டுக்குள் அந்த இனமே இல்லாமல் போனது. பிரெஞ்சுக்காரர்கள் தீவின் பெயரை மாற்றினார்கள், ஆங்கிலேயர் பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்று அந்தத் தீவின் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. குடியரசு, சபை, மாகாணம் என்றால் ஆசிய அரசர்களுக்கு விளங்காது, மரியாதையும் இருக்காது என்று டச்சு வணிகர்கள் நினைத்தார்கள். எனவே ஊரில் சம்பளக்காரராக இருந்தவரை இங்கே ராஜாவாகக் காட்டினார்கள். 1602-இல் யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்குப் போய், போர்த்துக்கீசியரோடு போரில் இருந்த விமலதர்மசூரிய மன்னரிடம் மௌரிட்ஸின் கடிதத்தைக் கொடுத்தார். அதே ஆண்டு சுமத்திராவின் அச்சே சுல்தானுடைய தூதர்கள் நெதர்லாந்து போய், கிராவ் கோட்டையை முற்றுகையிட்டிருந்த மௌரிட்ஸை அவருடைய போர்முகாமிலேயே சந்தித்தார்கள். 1602-இல் போட்டி வணிகக் குழுக்களை ஒன்றாக்கி டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை உருவாக்கியதில் பெரும்பங்கு ஓல்டன்பார்னவெல்டுடையது. அந்தக் கம்பெனி நம் பழவேற்காட்டில் 1613-இல் கட்டிய கோட்டைக்கு கெல்டிரியா என்று பெயர். மௌரிட்ஸ் ஸ்டாட்ஹவுடராக இருந்த ஹெல்டர்லாந்து மாகாணத்தின் பெயர் அது.

இனி கசப்பான பகுதி. போருக்குப் பணம் தீர்ந்துகொண்டிருந்தது. 1609 ஏப்ரலில் ஸ்பெயினோடு 12 ஆண்டு போர்நிறுத்தம் கையெழுத்தானது. அதை முடித்துவைத்தவர் ஓல்டன்பார்னவெல்ட். கடைசிவரை எதிர்த்தவர் மௌரிட்ஸ். எதிரி மூச்சு வாங்கிக்கொள்வான் என்பது அவர் வாதம். போர் இல்லாவிட்டால் தளபதிக்கு என்ன மதிப்பு என்பது சொல்லாத வாதம்.

வெளிச்சண்டை நின்றதும் உள்சண்டை தொடங்கியது. லைடன் பல்கலைக்கழகத்தில் இரண்டு இறையியல் பேராசிரியர்கள், அர்மினியஸ், கோமரஸ். யார் மோட்சம் போவார், யார் நரகம் போவார் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார், மனிதன் செய்ய ஒன்றுமில்லை என்பது கோமரஸ் கட்சி. மனிதன் அந்த அருளை ஏற்கவோ மறுக்கவோ முடியும் என்பது அர்மினியஸ் கட்சி. பேராசிரியர்களோடு முடிந்திருக்க வேண்டிய வாதம் தெருவுக்கு வந்தது. ஒரே ஊரில் இரண்டு கட்சிக்காரர்கள் ஒருவர் தேவாலயத்துக்குள் மற்றவர் கால் வைக்க மறுத்தார்கள். ஓல்டன்பார்னவெல்ட் அர்மினியஸ் பக்கத்தாருக்கு இடம் வேண்டும் என்றார். மதத்தில் தலையிடும் அதிகாரம் அந்தந்த மாகாணத்துக்கே என்றும் சொன்னார். விதியின் நிறம் என்ன என்றுகூட எனக்குத் தெரியாது என்று மௌரிட்ஸ் சொன்னதாக ஒரு கதை. இருந்தும் 1617 ஜூலை 23 ஞாயிறன்று அவர் எல்லோரும் பார்க்க கோமரஸ் கட்சியாரின் தேவாலயத்துக்குப் போய் உட்கார்ந்தார். பிரசங்கம் கேட்கப் போனதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 4-இல் ஹாலந்து சபை பதில் கொடுத்தது: ஒழுங்கைக் காக்க நகரங்கள் சொந்தமாகச் சிப்பாய்களை அமர்த்திக்கொள்ளலாம், மாகாணத்தின் சம்பளம் வாங்கும் படை முதலில் மாகாணத்துக்கே கட்டுப்பட வேண்டும். ஓல்டன்பார்னவெல்ட் செய்த ஒரே பெரிய தப்பு இது என்பேன். ஒரு தளபதியிடம், இனி உன் படை உன்னுடையது இல்லை என்று சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அந்தப் படை நிற்பது அவர் பின்னால். மறு ஆண்டு ஜூலை 31-இல் மௌரிட்ஸ் உட்ரெக்ட் நகரச் சதுக்கத்தில் அந்தப் புதுச் சிப்பாய்களின் ஆயுதங்களைக் கீழே வைக்கச் செய்தார். ஒரு குண்டு வெடிக்கவில்லை. ஆகஸ்ட் 29-இல் ஹேக்கில் ஓல்டன்பார்னவெல்டும் குரோஷியஸும் கைதானார்கள். பிறகு இளவரசர் ஹாலந்து நகரங்களைச் சுற்றிவந்து, வேண்டாத நகரசபையினரை எழுப்பிவிட்டு வேண்டியவர்களை உட்காரவைத்தார்.

விசாரிக்க 24 நீதிபதிகள் கொண்ட தனி நீதிமன்றம். அந்த நீதிமன்றத்துக்கு ஹாலந்து அதிகாரியை விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று முதியவர் வாதாடினார், வலுவான வாதம்தான். எடுபடவில்லை. குடும்பத்தார் மன்னிப்புக் கேட்டால் மௌரிட்ஸ் விட்டிருக்கலாம் என்று ஒரு பேச்சு உண்டு. அவர்கள் கேட்கவில்லை, கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். 1619 மே 13 காலை, ஹேக்கில் சபை கூடும் பின்னன்ஹாஃப் முற்றத்தில், 71 வயதில், கைத்தடியை ஊன்றி மேடையேறினார் ஓல்டன்பார்னவெல்ட். நான் துரோகி என்று நம்பாதீர்கள் என்று கூட்டத்திடம் சொன்னார். வெட்டுபவனிடம், சீக்கிரம் முடி என்றார். மௌரிட்ஸ் தன் மாளிகை ஜன்னலிலிருந்து பார்த்தார் என்று வதந்தி இருக்கிறது. நான் நம்புவதில்லை.

குரோஷியஸுக்கு ஆயுள் தண்டனை, லூவஸ்டைன் கோட்டையில். அவர் படிக்கப் புத்தகங்கள் ஒரு பெரிய பெட்டியில் வந்து போகும். காவலர்கள் முதலில் திறந்து பார்த்தார்கள், பிறகு அலுத்துவிட்டார்கள். 1621 மார்ச் 22-இல் அவர் மனைவி மரியா கணவரையே பெட்டிக்குள் வைத்துப் பூட்டி அனுப்பிவிட்டார். கூடவே போன வேலைக்காரப் பெண் எல்சே முகம் மாறாமல் பெட்டியைக் கரைசேர்த்தாள். குரோஷியஸ் பாரிஸ் போய்ச் சர்வதேசச் சட்டத்துக்கு அடித்தளமான நூலை எழுதினார்.

தடையாக இருந்த ஒரே ஆள் போய்விட்டார். கையில் படை, சபையில் தன் ஆட்கள், ஆரஞ்ச் இளவரசர் பட்டமும் 1618-இல் வந்துவிட்டது. நினைத்திருந்தால் முடி சூட்டிக்கொண்டிருக்கலாம். செய்யவில்லை. இதை அடக்கம் என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அது சலிப்பாகத்தான் படுகிறது. வரி, கடன், தூது, சமரசம் என்ற தினசரி அரசியலில் அவருக்கு ருசி இல்லை, அதைச் செய்துகொண்டிருந்தவரை அவரே கொன்றுவிட்டார். 1621-இல் போர் மறுபடி தொடங்கியபோது பணம் திரட்ட ஆளில்லை. 1622-இல் பெர்கன் ஒப் ஸோம் நகரை ஸ்பினோலாவின் முற்றுகையிலிருந்து மீட்டார். அது தவிரச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. உடம்பும் தளர்ந்தது. 1623-இல் ஓல்டன்பார்னவெல்டின் இரண்டு மகன்கள் அவரைக் கொல்லச் சதி செய்தார்கள். இளையவர் தப்பி எதிரி நாட்டுக்கு ஓடினார், மூத்தவர் பிடிபட்டார். தாய் மௌரிட்ஸிடம் வந்து மகனுக்காக மன்றாடினார். கணவருக்காகக் கேட்கவில்லையே, மகனுக்கு மட்டும் ஏன் என்று அவர் கேட்க, மகன் குற்றவாளி, கணவர் குற்றவாளி இல்லை என்றாராம் அந்த அம்மாள். நடந்ததோ இல்லையோ, டச்சுக்காரர்கள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. மகன் தலையும் போயிற்று.

மௌரிட்ஸுக்கு மார்கரெத்தா வான் மெகெலன் என்ற பெண்ணோடு நீண்டகால உறவு, பிள்ளைகளும் உண்டு. கடைசி நாட்களில் அவருக்குக் குடும்பப் பெயர் பற்றிக் கவலை. தம்பி ஃபிரடெரிக் ஹென்ட்ரிக்குக்கு 41 வயது, அவரும் கல்யாணமாகாதவர். நீ மணமுடிக்காவிட்டால் நான் மார்கரெத்தாவை மணந்து என் பிள்ளைகளை வாரிசாக்கிவிடுவேன் என்று மிரட்டினார். மிரட்டல் பலித்தது: 1625 ஏப்ரல் 4-இல் தம்பிக்கும் அமாலியா வான் சோல்ம்ஸுக்கும் திருமணம். இன்றைய நெதர்லாந்து அரச குடும்பம் அந்த இணையின் மகள் வழியாக வந்த கிளை.

ஏப்ரல் 23-இல் ஹேக்கில் மௌரிட்ஸ் இறந்தார், 57 வயது. டெல்ஃப்ட்டில் அப்பாவின் பக்கத்தில் புதைத்தார்கள். இந்தக் காலத்தின் தலைசிறந்த தளபதி யார் என்று ஒருமுறை கேட்டதற்கு, ஸ்பினோலா இரண்டாவது என்று பதில் சொன்னவர் அவர். அவர் சாகும்போது அந்த ஸ்பினோலா எட்டு மாதமாக முற்றுகையிட்டிருந்தது பிரெடாவை. கரிப்படகில் பிடித்த அதே ஊர். ஜூன் தொடக்கத்தில் நகரம் பட்டினியில் பணிந்தது. சாவியை நீட்டியவர் நகரத்தின் ஆளுநர் யுஸ்டினஸ், வில்லியமின் திருமணமற்ற உறவில் பிறந்த மகன், மௌரிட்ஸுக்கு அண்ணன் முறை. அந்தக் காட்சியை வெலாஸ்கெஸ் வரைந்த ஓவியம் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது: ஸ்பினோலா குனிந்து அந்த முதியவரின் தோளில் கை வைத்திருக்கிறார்.